முன்னிருந்து நடத்தும் பிடி

விலங்கை நடத்திச் செல்வதற்கு அரபு மொழியில் இரு வேறு சொற்கள் உண்டு. முன்னால் நின்று கயிற்றைப் பற்றி அழைத்துச் செல்வது 'கவ்த்'. பின்னால் நின்று அதட்டி ஓட்டிச் செல்வது 'ஸவ்க்'. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்கள் என்றே அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். முதற்சொல்லின் வேரிலிருந்து பிறந்ததே தலைவரைக் குறிக்கும் 'காயித்' என்னும் சொல். 'காயிதே மில்லத்' என்னும் பட்டத்தின் வாயிலாக அச்சொல் நமக்கு நெருக்கமானது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'மிக்வத்'. பழைய அரபியில் அது விலங்கின் தலைக்கயிறு. இன்றைய அரபியில் ஊர்தியைத் திருப்பும் பிடி. நாம் 'ஹாண்டில்பார்' என்று வழங்குவதை அரபிகள் 'மிக்வத்' என்பர். இரண்டாம் வேரிலிருந்து வந்தவர் 'ஸாயிக்', அதாவது ஓட்டுநர். மிதிவண்டிக்கோ அவர்கள் இட்ட பெயர் 'தர்ராஜா'. படிப்படியாக அடியெடுத்து வைத்து முன்னேறுவது என்னும் பொருளுள்ள வேரிலிருந்து அது வந்தது. நம் நாவில் புழங்கும் 'தரஜா' என்பதும் அவ்வேரினதே.

மிதிவண்டியை இச்சொற்களைக் கொண்டு நோக்கினால் அதன் அமைப்பு தெளிவாகும். கால் மிதிக்கப் பின்சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது, அஃது 'ஸவ்க்'. கை பற்றியிருக்க முன்சக்கரம் வழிகாட்டுகிறது, அஃது 'கவ்த்'. பின்னிருந்து ஓட்டுவதும் முன்னிருந்து நடத்துவதும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் கூடுகின்றன. வினைச்சொல் வாய்பாடுகள் மாணவர்களுக்குக் கசக்கும் நாட்களில் இந்த எடுத்துக்காட்டைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆயினும் மிக்வத் என்பது எத்தனை நுட்பமான உறுப்பு என்பதை அகராதி எனக்குக் கற்பிக்கவில்லை. 2021ஆம் ஆண்டில், பழைய பயணச் சைக்கிள் ஒன்றின் ஹாண்டில்பாரை மாற்ற நேர்ந்தபோதுதான் அதை உணர்ந்தேன். அவ்வனுபவத்தில் பிறருக்குப் பயன்படக் கூடியவை சில உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

காக்காவின் வண்டி

அந்த வண்டி என் பெரியம்மா மகனுடையது. எங்கள் கடலோர ஊர்களில் மூத்த சகோதரரைக் 'காக்கா' என்று அழைப்பது வழக்கம். காக்கா இளமையிலேயே இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் கணக்கராகப் பணியாற்றினார். 1978இல் அங்கே ஒரு பயணச் சைக்கிளை வாங்கினார். விடுமுறை நாட்களில் அதில் ஏறி யார்க்ஷயர் மலைச்சரிவுகளில் சுற்றி வருவதே அவருடைய ஒரே பொழுதுபோக்கு. 2009இல் ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களில் பெரும்பகுதியை அங்கேயே கொடுத்துவிட்டு, வண்டியை மட்டும் பெட்டியிலிட்டுக் கொண்டு வந்தார். 2019இல் அவர் மறைந்த பின், லீட்ஸில் குடியிருக்கும் அவருடைய மகள், "சாச்சா, வாப்பாவின் வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்க விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி எனக்கு அளித்தாள்.

பயணச் சைக்கிள் என்பது நம் ஊர்ச் சாதாரண சைக்கிளும் அன்று. பந்தயச் சைக்கிளும் அன்று. பல நாட்கள், மூட்டை முடிச்சுகளோடு, நெடுந்தொலைவு செல்வதற்கென்றே அமைந்தது. மேலை நாடுகளில் இதற்கு நீண்ட மரபு உண்டு. இங்கிலாந்தின் ஹாரகேட் நகரில் 1878இலேயே சைக்கிள் பயணிகளுக்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. பிரான்சில் செந்த் எத்தியென் நகரைச் சேர்ந்த போல் தெ விவி (1853-1930) என்பவர் சைக்கிள் பயணத்தை ஒரு கலையாகவே வளர்த்தார். பல் மாற்றும் கியர்களைப் பந்தயக்காரர்கள் பழித்த காலத்தில் அவற்றை விடாது ஆதரித்தார். காக்காவின் வண்டி அம்மரபின் வழி வந்தது. அதன் உடற்சட்டம் 'ரெனால்ட்ஸ் 531' என்னும் உருக்குக் குழாய்களால் ஆனது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அவ்வுருக்கு 1935இல் வந்தது. அதன் மென்மையான துள்ளலை ஏறி ஓட்டியவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

அவ்வண்டியின் ஹாண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்புகளைப் போல முன்சென்று கீழ்நோக்கி வளைந்தது. இவ்வளைவைப் பந்தயக்காரர்களின் ஆடம்பரம் என்று நம்மவர் பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. நெடும்பயணத்தில் கை ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் மரத்துப் போகும். இவ்வகையில் மேல்தண்டு, பிரேக்கின் தலைப்பகுதி, கீழ்வளைவு என மூன்று இடங்களில் மாறி மாறிப் பற்றலாம். எதிர்காற்று வீசும்போது குனிந்து அதன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளலாம். காக்காவின் மலைப்பாதைகளுக்கு அது தகுந்த பிடியாகவே இருந்தது.

விரல்கள் சொன்ன செய்தி

என் பாதை மலைப்பாதையன்று. வீட்டிலிருந்து மதரஸாவுக்கு 11 கி.மீ.; போக வர 22 கி.மீ. வழி முழுவதும் மேடுபள்ளங்கள்; ஆடும் மாடும் குறுக்கே வரும். தலையை நிமிர்த்திப் பார்க்காமல் நம் சாலைகளில் ஓட்ட இயலாது. குனிந்த முதுகும் நிமிர்ந்த கழுத்துமாக ஓராண்டு ஓட்டினேன். அதன்பின் இரு கைகளிலும் சுண்டுவிரலும், அதையடுத்த மோதிரவிரலின் பாதியும் மரக்கத் தொடங்கின. முதலில் வண்டியிலிருந்து இறங்கிச் சிறிது நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். பின்னர் மதியம் வரை நீடித்தது. கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி நழுவியது. சட்டைப் பொத்தானை இடுவதற்குப் பேரனை அழைக்க வேண்டியதாயிற்று. நாணற் கலத்தால் அரபு எழுத்துகளை எழுதிப் பழக்குவது என் பணிகளில் ஒன்று. 'ஜீம்' எழுத்தின் வயிற்றை வளைக்கும்போது எழுதும் கைக்குக் கீழே தாங்கி நிற்பது சுண்டுவிரலே என்பதை, அது தாங்க மறுத்தபோதுதான் கவனித்தேன்.

மருத்துவர் கையைத் திருப்பி, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டை அழுத்திப் பார்த்தார். முழங்கையிலிருந்து இறங்கும் அல்னார் நரம்பு அவ்விடத்தில் ஒரு குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கியோனின் பெயரால் அது வழங்கப்படுகிறது. உடலின் பாரத்தை மணிக்கட்டு வளைந்த நிலையில் உள்ளங்கையின் மேல் ஊன்றி நெடுநேரம் ஓட்டுவோருக்கு அந்நரம்பு நசுங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த நோய். "கையூன்றும் முறை மாறியாக வேண்டும். இப்படியே விட்டால் உணர்வோடு வலுவும் குறையும்" என்றார் அவர்.

மக்கள் இருவரும் சைக்கிளை நிறுத்திவிட்டு ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆனால் முப்பதாண்டுகளாகத் தன் காலால் மிதித்துத் தன் பணிக்குச் சென்றவனிடமிருந்து அதைப் பறிப்பது, அவன் நினைப்பதை விடப் பெரிய இழப்பு. வண்டியை விட்டுவிடுவதா, கையை விட்டுவிடுவதா என்று கேள்வி வந்தபோது, இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று இருப்பதாக எனக்குத் தோன்றியது. விட வேண்டியது வண்டியுமன்று, கையுமன்று. அவ்விரண்டும் சந்திக்கும் அந்தத் தண்டு மட்டுமே.

அறுக்காமல், அராவாமல்

ஆயினும் அது காக்காவின் கை முப்பதாண்டுகள் பற்றியிருந்த தண்டு. மகள் வண்டியை எனக்குக் கொடையாகவே அளித்தாள்; கொடை பெற்றவர் தம் விருப்பப்படி மாற்றிக் கொள்ளலாம் என்பது சட்டம். ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, மனம் ஒப்புவது வேறு. தொலைபேசியில் அவளை அழைத்து விரல்களின் நிலையைச் சொன்னேன். சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "மாற்றிவிட்டால் அது வாப்பாவின் வண்டியாக இருக்குமா, சாச்சா?" என்று கேட்டாள்.

நான் அவளுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். மதரஸாக்களில் நாங்கள் ஓதும் பழைய கிதாபுகளின் நடுவே மூலநூல் இருக்கும். அதை 'மத்தன்' என்போம். ஓரங்களில் பின்னோர் எழுதிய குறிப்புகள் இருக்கும், அவை 'ஹாஷியா'. பின்னால் வந்தவர் எத்தனை பெரிய அறிஞராயினும், தம் கருத்துக்காக மூலத்தின் எழுத்தைச் சுரண்ட மாட்டார். ஓரத்தில் எழுதுவார். நாளை இன்னொருவர் அவ்வோரக் குறிப்பை ஏற்கலாம், மறுக்கலாம், மூலம் இருந்தபடியே இருக்கும். "அந்த ஒழுங்கின்படியே இதையும் செய்வேன், மகளே. அறுக்க மாட்டேன், அராவ மாட்டேன், துளையிட மாட்டேன். கழற்றுவது ஒவ்வொன்றையும் பத்திரமாக வைப்பேன். யார் விரும்பினாலும் ஒரு நாளில் பழையபடி ஆக்கிவிடலாம்" என்றேன். அவள் இசைந்தாள். இசைந்ததோடு, "என்ன அளவு வேண்டும் என்று சொல்லுங்கள், தண்டை இங்கிருந்து நானே அனுப்புகிறேன்" என்றாள்.

இந்த உறுதிமொழியின் அருமை மறுநாளே தெரிந்தது. எங்கள் ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர், நேர்மையானவர், கைவேலையில் தேர்ந்தவர். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு ஹஜ்ரத் புதுசு? இந்தக் கொம்பு ரெண்டையும் ரம்பத்தால அறுத்துட்டா மேல் கம்பி நேரா நிக்கும். பத்து நிமிச வேலை" என்றார்.

"அறுத்தால் மறுபடி ஒட்ட முடியுமா, அண்ணாச்சி?"

"அலுமினியமாச்சே, அது முடியாது."

"அப்படியானால் அறுக்க வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே ரம்பத்தைச் சுவரில் மாட்டினார்.

மூன்று அளவுகள்

ஹாண்டில்பாரைப் பார்த்தால் ஒரு குழாய், அவ்வளவே. ஆனால் அதில் மூன்று அளவுகள் பொருந்தினாலன்றி வேலை நடவாது. இப்பகுதி சற்று நுணுக்கமானது. எனினும் இதே வேலையில் இறங்குவோர்க்கு இதுவே முதன்மையானது.

முதலாவது, நடுப்பகுதியின் தடிப்பு. ஹாண்டில்பாரை முன்போர்க்குடன் இணைக்கும் வளைந்த தண்டின் வாய், அதன் நடுப்பகுதியைக் கவ்விப் பிடிக்கிறது. அவ்வாயின் அளவு நாட்டுக்கு நாடு வேறு. பழைய ஆங்கில வண்டிகளில் பெரும்பாலும் ஓரங்குலம், அதாவது 25.4 மி.மீ.; பழைய பிரெஞ்சு வண்டிகளில் 25.0, இத்தாலிய வழக்கில் 26.0. வேறுபாடு மயிரிழை என்று தள்ளிவிடக் கூடாது. 25.0 தண்டை 25.4 வாயில் எத்தனை இறுக்கினாலும், ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அது சுழன்றுவிடலாம். நூலைச் சுற்றி அளந்தால் 25.4க்கும் 26.0க்கும் சுற்றளவில் 2 மி.மீ. கூட வேறுபாடு வராது. நூலின் தளர்ச்சியே அதை விழுங்கிவிடும். ஆகவே பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து வெர்னியர் அளவுகோலை இரவல் பெற்று அளந்தேன். 25.4 என்று காட்டியது.

இரண்டாவது, கை பற்றும் பகுதியின் தடிப்பு. கீழ்வளைந்த வகையில் இது 23.8 மி.மீ.; நிமிர்ந்து ஓட்டும் வகையில் 22.2 மி.மீ. இதனால் விளைவது யாதெனில், பழைய வண்டியின் பிரேக் லீவர்கள் புதிய தண்டுக்கு ஆகா. ஹாண்டில்பாரை மாற்றுவோர் பலர் கடைசியில் அறிந்து திகைப்பது இதையே. தண்டை வாங்கும்போதே லீவர்களுக்கும் வழி பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, லீவர் ஒயரை எவ்வளவு இழுக்கிறது என்பது. காக்காவின் வண்டியில் இருப்பது நடுவிலிருந்து இழுக்கும் பழைய பிரேக். அதற்கு ஒயர் சிறிது நகர்ந்தால் போதும். ஆனால் இழுவிசை மிகுதியாக வேண்டும். பின்னாளில் வந்த நெடுங்கைப் பிரேக்குகளுக்கு ஒயர் அதிகம் நகர வேண்டும். அவற்றுக்குரிய லீவர்கள் அதற்கேற்ப அமைந்தவை. அத்தகைய லீவரைப் பழைய பிரேக்குக்கு மாட்டினால் கைக்கு இறுக்கமாகத் தோன்றும், சக்கரமோ நிற்காது. நெம்புகோலின் கணக்கே இங்கும்: தூரம் கூடினால் விசை குறையும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். லீவரின் அச்சாணிக்கும் ஒயரின் தலை உட்காரும் குழிக்கும் இடையேயுள்ள தூரம் குறைவாக இருப்பதே பழைய பிரேக்குக்கு உரியது. அண்ணாச்சி தம் கடையிலிருந்த நான்கு ஜோடிகளை என்முன் வைத்தார். அளந்து ஒன்றைத் தேர்ந்தோம். ஒயரின் தலையும் வேறு: கீழ்வளைந்த வகை லீவருக்குப் பேரிக்காய் வடிவம், மற்றதற்கு உருளை வடிவம். ஆகவே ஒயர்களும் புதியனவாயின. தண்டு உயர்ந்து வருவதால் அவை பழையவற்றை விட நீளமாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கிற் கொண்டோம். கியர் மாற்றும் நெம்புகள் மட்டும் உடற்சட்டத்தின் கீழ்க்குழாயிலேயே இருந்தமையால் அவற்றைத் தொட வேண்டியிருக்கவில்லை.

எந்த வடிவத்தைக் கேட்பது என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. இங்கிலாந்தில் 'நார்த் ரோடு' என்று பெயர் பெற்றதும், ஓட்டுபவரை நோக்கிப் பின்வளைந்து வருவதுமான ஹாண்டில்பார்தான் நம் நாட்டுச் சாதாரண சைக்கிளிலும் காணப்படுவது. அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பெற்ற தொழிற்சாலை முதலியவை ஆங்கில முறை சைக்கிள்களை இங்கே செய்யத் தொடங்கியபோது அவ்வடிவமே நிலைபெற்றது. அப்படியானால் உள்ளூர்த் தண்டையே மாட்டலாகாதா என்று கேட்கலாம். கம்பி பிரேக் சைக்கிளின் ஹாண்டில்பார் நடுத்தண்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. பிரேக் கம்பிகளைத் தாங்கும் காதுகளும் அதிலேயே உண்டு. தனியே பிரித்தெடுக்க முடியாது. எனவே மகள் அனுப்பிய தண்டுக்குக் காத்திருந்தோம்.

பட்டறையில் ஒரு பகல்

தண்டு வந்தது. நடு 25.4, பிடி 22.2, வெர்னியர் ஒப்புக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சியின் பட்டறையில் வேலை தொடங்கிற்று.

முதலில் பழைய தண்டில் சுற்றியிருந்த பருத்தி நாடாவைப் பிரித்தோம். உள்ளே அலுமினியம் எங்கும் பளபளப்பாக இருந்தது, இரண்டு இடங்களைத் தவிர. பிரேக்கின் தலைப்பகுதிக்குச் சற்று மேலே, பெருவிரல் படியும் இடங்களில், வெண்ணிறமாகப் பூத்து அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. வியர்வையின் உப்பு நாடாவுக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் அரித்ததன் விளைவு அது. காக்காவின் இரு பெருவிரல்களின் இடம் உலோகத்தில் பதிந்திருப்பதை நானும் அண்ணாச்சியும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் துணியால் அதைத் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இணைப்புத் தண்டின் வாய் ஒரே திருகால் மூடுவது. அதன் வழியே ஹாண்டில்பாரை உருவ வேண்டுமாயின் ஒரு பக்கத்து லீவரைக் கழற்றி, வளைவுக்கு வளைவு திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும். வாய் நெருக்கமாக இருந்தால் உட்பக்கம் கீறல் விழும். அலுமினியத்தில் கீறல் என்பது நாளைய முறிவின் தொடக்கம். அதைத் தவிர்க்க ஓர் உபாயம் உண்டு. திருகைக் கழற்றி எதிர்ப்புறமாகச் செலுத்தி, பிளவில் ஒரு நாணயத்தைச் செருகி, திருகின் முனை அதை அழுத்துமாறு சிறிது முறுக்கினால் வாய் மெல்ல விரியும். அண்ணாச்சி இரண்டு ரூபாய் நாணயத்தை இடுப்பிலிருந்து எடுத்துச் செருகினார். தண்டு கீறலின்றி வெளிவந்தது.

அடுத்து, இணைப்புத் தண்டைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. இது போர்க்கின் குழாய்க்குள் இறங்கி, அடியிலுள்ள ஆப்பினால் இறுகி நிற்பது. மேல்திருகை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு விடுபடும். ஆனால் உருக்குக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பல்லாண்டு இருந்தால், அதுவும் கடற்காற்று வீசும் ஊரில், இரு உலோகங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆகவே முந்தின நாள் மாலையே துரு விலக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இட்டு வைத்திருந்தோம். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு அண்ணாச்சி முறுக்கினார். மூன்றாம் முறை 'க்ரீச்' என்ற ஒலியுடன் அது அசைந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிய படலமாகக் கிரீஸ் பூசினோம். அடுத்து வருபவருக்கு இத்தொல்லை வேண்டாம் என்பதற்காக.

உயர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. தண்டின் உடலில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது. ஆப்பு, குழாயின் மரை வெட்டிய மெலிந்த பகுதியில் நின்று அழுத்தினால் குழாய் பிளந்துவிடும். வசதிக்காக இக்கோட்டை மீறுவோரைப் பார்த்திருக்கிறேன். ஓடும் வண்டியில் ஹாண்டில்பார் கையோடு வந்துவிட்டால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

புதிய தண்டை மாட்டி, லீவர்களையும் ஒயர்களையும் இணைத்து, வலக்கைக்கு முன்பிரேக்கும் இடக்கைக்குப் பின்பிரேக்கும் என்று பழைய ஒழுங்கையே வைத்தோம். ஓட்டிப் பார்க்கும் முன் சோதிக்க வேண்டியவை மூன்று. முன்சக்கரத்தைக் கால்களிடையே பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரைப் பலமாகத் திருப்புதல். பிடிகளின் மேல் உடற்பாரம் முழுவதையும் அழுத்தி அது கீழ்நோக்கிச் சுழல்கிறதா என்று பார்த்தல். இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா, பிடி முழங்காலில் இடிக்கிறதா என்று பார்த்தல். இவை நிறைவேறிய பின்பே சாலைக்கு வந்தோம். ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டிருந்தது. புதிய பிடியில் முதற்பயணம் பள்ளிவாசலுக்கே அமைந்தது.

ஒன்று மாறினால்

ஒரு தண்டை மாற்றினோம். மாறியது ஒரு தண்டு மட்டுமன்று. பழைய பிடியில் பிரேக்கின் தலையில் கை இருந்த இடத்துக்கும் புதிய பிடியில் கை இருக்கும் இடத்துக்கும் அளந்து பார்த்தால் 26 செ.மீ. பின்னால் வந்திருந்தது. கை பின்னால் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்ததும் உள்ளங்கையில் இருந்த பாரம் இருக்கைக்கு இறங்கியது. குனிந்து ஓட்டுவதற்கென அமைந்த குறுகிய தோல் இருக்கை அப்பாரத்தைத் தாங்க மறுத்தது. ஒரு மாதத்தில் அகலமான, சுருள்வில் வைத்த இருக்கைக்கு மாற வேண்டியதாயிற்று. முன்சக்கரம் இலகுவானதால், பின்கேரியரில் கிதாபுகளை ஏற்றும்போது முன்பக்கம் தள்ளாடிற்று. சுமையில் ஒரு பகுதியை முன்பைக்கு மாற்றியதும் அது நின்றது. திருப்பும் முறையும் வேறாயிற்று. கைகள் திருப்பும் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், தோணிக்காரர் சுக்கானைத் தள்ளுவது போன்ற உணர்வு முதல் வாரம் முழுவதும் இருந்தது.

இழப்பும் உண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. ஆடி மாதத்தில் மேல்காற்று எதிர்த்து வீசும்போது நிமிர்ந்த மார்பு பாய்மரம் போல அதை வாங்கிக்கொள்கிறது. முன்பு 40 நிமிடத்தில் கடந்த வழிக்கு அந்நாட்களில் 50 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கப் பழைய பிடியே சிறந்தது. கைமாற்றிப் பிடிக்கும் இடங்களும் குறைந்தன. கீழ்க்குழாயிலுள்ள கியர் நெம்பை எட்டுவதற்கு முன்னைவிடக் குனிய வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கு ஈடாகக் கிடைத்தது என் கை. வலக்கை விரல்களில் உணர்வு ஆறு வாரங்களில் திரும்பியது. இடக்கைச் சுண்டுவிரலின் நுனி மட்டும் நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டது. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, தொடர்ந்து ஓட்டலாம் என்றார். 'ஜீம்' எழுத்துக்கு வயிறு திரும்ப வந்தது. வழியில் எதிர்ப்படுவோரின் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்லவும் முடிகிறது. முன்பு அவர்களுடைய செருப்பையே பார்த்துச் சென்றேன்.

2023இல் மகள் ஊருக்கு வந்தாள். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்த பழைய தண்டையும், லீவர்களையும், தோல் இருக்கையையும் அவள்முன் வைத்தேன். பெருவிரல்களின் அடையாளத்தில் தன் பெருவிரல்களை வைத்துப் பார்த்தாள். "இங்கேயே இருக்கட்டும், சாச்சா. என்றாவது என் மகன் வந்து ஓட்ட விரும்பினால் இதை மாட்டிக்கொள்ளட்டும்" என்றாள். அதற்கு மட்டும் நான் உடன்படவில்லை. அலுமினியம் உருக்கைப் போன்றதன்று. பல்லாயிரம் அதிர்வுகளில் அது உள்ளுக்குள் களைத்துப் போகும். முறியும் முன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்காது. அரிப்பு விழுந்த இடமோ முறிவுக்கு முதலிடம். "அவன் வரும்போது இதே வடிவத்தில் புதியதொன்றை வாங்கி மாட்டுவோம். வண்டியில் அதற்கான இடம் அப்படியே இருக்கிறது. இது வாப்பாவின் நினைவாக இருக்கட்டும், பாரம் தாங்க வேண்டாம்" என்றேன். அவள் அதைத் தன்னுடன் லீட்ஸுக்கு எடுத்துச் சென்றாள். லீவர்களும் இருக்கையும் இங்கே இருக்கின்றன.

முன்னோர் விட்டுச்சென்ற பொருள்கள் நம் வீடுகளில் இருவிதமாக அழிகின்றன. தொடக் கூடாது என்று மூலையில் நிறுத்தப்பட்டுத் துருவேறி அழிவது ஒருவகை. நமக்கு ஏற்றபடி வெட்டியும் அராவியும், பின்வருவோர்க்கு எதுவும் எஞ்சாதபடி அழிவது இன்னொரு வகை. பழைய வண்டி வைத்திருப்போர்க்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: உங்கள் கை வலித்தால் ஹாண்டில்பாரைத் தயங்காமல் மாற்றுங்கள். மாற்றும் முன் அளந்து பாருங்கள். தண்டோடு லீவரும் ஒயரும் இருக்கையும் சேர்ந்தே மாறும் என்று எதிர்பாருங்கள். அரத்தையும் ரம்பத்தையும் மட்டும் தொடாதீர்கள். நமக்குப் பின் அவ்வண்டியில் ஏறுகிறவருக்கும் ஒரு கை இருக்கும். அது எப்படிப்பட்ட கை என்பதை இன்று நாம் அறியோம்.